வண்ணப் பென்சில் முனையில் அண்ணாமலை

அண்ணாமலையின் நிறம் என்ன என்று திருவண்ணாமலைக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. ‘எந்த மாசத்துல, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நின்னு பாக்கறீங்க?’ என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு பார்த்தால் அடிவாரத்திலிருந்து பாதி மலைவரை கரும்பச்சை. தை, மாசியில் மேல்சரிவுப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். கோடையில் புல்லில் தீப்பிடித்தால் அங்கங்கே கரித்திட்டு. விடிந்ததும் தேரடி வீதியிலிருந்து அண்ணாந்தால் பாறைகளில் செம்மை ஏறியிருக்கும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மொத்த மலையும் ஊதா கலந்த நீலம். 2,668 அடி உயரம், சுற்றிவர 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில் நடக்க நடக்க மலையின் உருவமே மாறிக்கொண்டு வரும்.

இந்த மலையை வாட்டர் கலரில் பிடிப்பவர்கள் உண்டு, ஆயிலில் பிடிப்பவர்கள் உண்டு. கேமராவில் பிடித்தவர்கள் எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் இந்த ஊரிலேயே தங்கி, ‘ப்ராஜெக்ட் 365’ என்ற பெயரில் திருவண்ணாமலையின் அன்றாடத்தைப் பல புகைப்படக்காரர்களோடு சேர்ந்து ஆவணமாக்கினார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல. கலர் பென்சிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓவியர்களைப் பற்றியது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

கலர் பென்சில் என்றதும் ஒன்றாம் வகுப்புப் பையும் பன்னிரண்டு பென்சில் அட்டைப் பெட்டியும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். பெரியவர்கள் ஆயிலுக்குப் போய்விட வேண்டும், கலர் பென்சில் குழந்தைகளோடு நின்றுவிட வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. அது தப்பு என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கங்கள். நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றி ஆழம் காட்டுவதில் கலர் பென்சிலுக்கு எந்த வகையிலும் குறை கிடையாது. அது கேட்பது பொறுமையை. அந்தப் பொறுமைக்கு உரிய கூலியும் உரிய சுவரும் கிடைக்கவில்லை என்பதுதான் நம் பக்கத்துக் குறை.

வெள்ளைக் கோபுரத்தை எந்த நிறத்தில் வரைவது?

மதுரைக் கோபுரங்களைப் போல அண்ணாமலையார் கோயில் கோபுரங்களில் பல வண்ணப் பூச்சு கிடையாது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் முடிந்த ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. அடித்தளம் கருங்கல். மேலே முழுக்கச் சுதை வேலை, வெளிறிய வெள்ளை. பார்க்க எளிது என்று தோன்றும். கலர் பென்சில்காரருக்கு இதைவிடக் கடினமான பாடம் வேறு இல்லை.

காரணம் எளிமையானது. கலர் பென்சிலில் வெள்ளை இருந்தும் இல்லாத மாதிரிதான். மற்ற நிறங்களுக்கு மேலே வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் அடியில் உள்ளது மறையாது, கொஞ்சம் மங்கும், அவ்வளவே. ஆயிலில் ஓவியர் கடைசியில் ஒரு வெள்ளைத் தீற்றலை வைத்து ஒளியைக் கொண்டுவந்துவிடலாம். இங்கே அந்த வழி அடைத்திருக்கிறது. காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம். எங்கே ஒளி விழ வேண்டுமோ அந்த இடத்தை முதல் நாளிலேயே முடிவு செய்து, கடைசி நாள்வரை தொடாமல் காப்பாற்ற வேண்டும். ராஜகோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் வரிசையாக நிற்கும் சுதைப் பொம்மைகளில் தோளில் ஒரு புள்ளி, மகுடத்தில் ஒரு கீற்று என்று நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு வெள்ளைகள். ஒன்றில் கை தவறினால் அழித்துச் சரிசெய்ய முடியாது. களிமண் மாதிரிப் பிசையும் அழிப்பானால் ஒற்றி எடுத்தால் கொஞ்சம் வெளிறும், பழைய வெள்ளை திரும்ப வராது.

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. முனையில் குண்டு வைத்த, மை இல்லாத ஊசி போன்ற ஒரு கருவியால் காகிதத்தை முன்கூட்டியே அழுத்திக் கோடு போட்டுவிடுவார்கள். பிறகு மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள் நிறம் இறங்காது, கோடு வெள்ளையாகவே நிற்கும். கோபுரத்து யாளியின் பிடரி மயிரை இப்படித்தான் எடுக்கிறோம்.

அப்புறம் நிழல். வெள்ளைச் சுதையின் நிழல் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கருப்புப் பென்சிலை எடுத்தால் கோபுரம் சிமென்ட் கட்டடமாகிவிடும். காலை ஏழு மணி வெயிலில் கிழக்கு முகத்தை உற்றுப் பாருங்கள். ஒளி படும் இடத்தில் மெல்லிய மஞ்சள். மாடக்குழிகளின் நிழலில் வானத்து நீலம் இறங்கியிருக்கும். கீழிருந்து எழும்பும் தெரு வெளிச்சத்தால் விதானத்தின் அடிப்புறத்தில் காவி கலந்த ஒரு சூடு. ஆகவே முதலில் வெளிர் ஊதாவில் ஒரு பூச்சு, அதன்மேல் நீலம், அதன்மேல் காவி, திரும்பவும் ஊதா. ஒவ்வொரு அடுக்கும் காகிதம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். முனை ஊசியாக இருக்க வேண்டும், கை பாரம் இல்லாமல் நகர வேண்டும். பத்து, பதினைந்து அடுக்குக்குப் பிறகுதான் நிழலுக்கு உயிர் வரும். காகிதத்துக்குப் பல் என்று சொல்வோம். நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் அதன் சொரசொரப்பு அது. அழுத்தித் தேய்த்துப் பல்லைக் கெடுத்துவிட்டால் மேற்கொண்டு ஒரு அடுக்குகூட ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அவசரப்பட்டு அழுத்துவார்கள். படத்தில் பளபளப்பு வரும், ஆழம் வராது.

ஏ3 அளவில் இப்படி ஒரு கோபுரம் 80 மணி நேரத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும். சூரியன் அதுவரை காத்திருக்காது. நிழல் கால் மணிக்கொரு தடவை இடம் மாறும். எனவே பலரும் நேரில் உட்கார்ந்து சின்னதாக ஒரு வண்ணக் குறிப்பு எடுத்துக்கொண்டு, சொந்தமாக எடுத்த புகைப்படத்தைத் துணைக்கு வைத்து வீட்டில் வரைகிறார்கள். புகைப்படத்தை மட்டும் நம்பக் கூடாது. கேமராவுக்கு நிழல் என்றால் கருப்பு. மாடக்குழிக்குள் இருக்கும் அந்த நீலத்தைக் கண்தான் பார்க்கும். நேரில் எடுத்த குறிப்பில் ‘இங்கே நீலம்’ என்று எழுதி வைத்திருந்தால்தான் பிழைத்தோம்.

குச்சிக்குள் இருப்பது

கலர் பென்சிலின் உள்ளே இருப்பது நிறமிப் பொடி, அதைச் சேர்த்துப் பிடிக்க மெழுகு அல்லது எண்ணெய், கொஞ்சம் களிமண்ணோ டால்க்கோ, ஒரு பசை. கிராஃபைட் பென்சில் குச்சியைப் போல இதைச் சூளையில் சுட முடியாது, சுட்டால் நிறம் போய்விடும். அதனால்தான் இது மென்மையாக இருக்கிறது, கீழே விழுந்தால் உள்ளுக்குள்ளேயே துண்டு துண்டாக உடைகிறது. சீவச் சீவ முனை உதிர்ந்தால் அது ஷார்ப்னரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. பென்சில் எங்கோ ஒரு தடவை தரையைப் பார்த்திருக்கும்.

ஓவியர்களுக்கென்றே தயாரான கலர் பென்சில்களுக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் ஃபேபர் காஸ்டெல் நிறுவனம் பாலிகுரோமோஸ் வரிசையை 1908-ல் கொண்டுவந்தது. இன்று அதில் 120 நிறங்கள். தண்ணீர் தொட்டால் கரையும் பிரிஸ்மலோ பென்சிலை சுவிட்சர்லாந்தின் காரன் டாஷ் 1931-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் பிரிஸ்மாகலர் 1938. இங்கே கேம்லின் 1931-ல் மையில் தொடங்கியது, நடராஜ் பென்சிலைத் தயாரிக்கும் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் 1958-ல் வந்தது. நம் பிள்ளைகள் பையில் இருக்கும் பென்சில்களின் மரப்பலகையில் பெரும்பகுதி காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்துப் பாப்லர் மரங்களிலிருந்து வருகிறது. அங்கே ஊகூ என்ற கிராமத்தையே பென்சில் கிராமம் என்கிறார்கள்.

மெழுகுப் பென்சிலும் எண்ணெய்ப் பென்சிலும் நம் ஊர் வெயிலில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் மெழுகுப் பென்சில் கையிலேயே இளகும், முனை சீக்கிரம் மழுங்கும், கோடு தடிக்கும். எண்ணெய்ப் பென்சில் கெட்டியாக நிற்கும். அதனால் கோடையில் சுதைப் பொம்மை போன்ற நுணுக்க வேலைக்கு எண்ணெய்ப் பென்சில், மழைக்காலத்தில் மலைச்சரிவு போன்ற பெரிய பரப்புக்கு மெழுகுப் பென்சில் என்று பிரித்துக்கொள்ளலாம். மெழுகுக்கு இன்னொரு குணமும் உண்டு. அழுத்தமான அடர்நிறப் பகுதியில் சில வாரம் கழித்து வெள்ளையாகப் பூத்துவிடும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம். மெழுகுதான் மேலே வந்திருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலே ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் அடங்கும்.

நிஜமான பூஞ்சை ஐப்பசி, கார்த்திகையில் வரும். அதற்கு இடம் கொடுக்கும் பெரிய தப்பு, படத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல ஃப்ரேம் போடுவது. காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டையின் தடிமன் அளவுக்காவது இடைவெளி வேண்டும். அந்த அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சில ஆண்டுகளில் காகிதம் ஓரத்திலிருந்து பழுப்பாகத் தொடங்கும். இதை ஃப்ரேம் கடையில் சொன்னால், ‘சாமி படத்துக்கு இவ்ளோ எதுக்குங்க?’ என்பார்கள். சாமி படத்துக்கும் வேண்டும்.

இந்தக் கலையின் மிகப் பெரிய எதிரி வெளிச்சம். எல்லாக் கலர் பென்சில்களும் வெயிலைத் தாங்காது. பிங்க், ஊதா, சில ஆரஞ்சு நிறங்கள் முதலில் போகும். பள்ளிக்கூடப் பென்சிலில் வரைந்த ரோஜாவை ஜன்னல் ஓரம் மாட்டிவைத்தால் ஒரு கோடையிலேயே வெளுக்கத் தொடங்கும். காசு கொடுத்து வாங்குபவருக்கு அது துரோகம். 1990-ல் வேரா கர்னோ தொடங்கிய அமெரிக்கக் கலர் பென்சில் சங்கம் இந்த விஷயத்தைக் கையில் எடுத்து, பென்சில்களைச் சோதித்துப் பார்த்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக ஏஎஸ்டிஎம் டி6901 என்ற தர அளவே வந்தது. இன்று ஓவியர் தரப் பென்சில்களில் நட்சத்திரக் குறியோ ரோமன் எண்ணோ போட்டு எது எவ்வளவு தாங்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரு பட்டைக் காகிதத்தில் கையில் உள்ள எல்லா நிறங்களையும் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, நேர் வெயில் விழும் ஜன்னலில் ஒரு கோடை முழுக்க விட்டுவைத்து, பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிகிற நிறங்களை விற்பனைப் படங்களில் தொடாதீர்கள். திருவண்ணாமலை வெயிலைவிடக் கறாரான பரிசோதகர் கிடைக்கமாட்டார்.

கோடு போட்டவர்கள்

சென்னை ஓவிய இயக்கத்தின் தூண்களில் ஒருவரான ஏ.பி. சந்தானராஜ் பிறந்தது திருவண்ணாமலையில், 1932-ல். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் இருந்தார். 2009-ல் மறைந்தார். அவர் கலர் பென்சில் ஓவியர் அல்ல. அவரை இங்கே கூப்பிடுவதற்குக் காரணம் கோடு. பூச்சுக்கு அடியில் புதைந்துபோகிற முன்தயாரிப்பாகக் கோட்டை அவர் பார்க்கவில்லை, கோடே ஓவியம் என்று காட்டினார். அவரிடம் படித்த ஒரு தலைமுறை அவருடைய கோட்டைப் பற்றி இன்றும் பேசுகிறது. கலர் பென்சில் என்பது கடைசிவரைக்கும் கோடுதான். பரப்பு என்று நாம் பார்ப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போனது. அப்படிப்பட்ட ஒருவர் பிறந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரிகிறது என்று கேட்டுப் பார்த்தால் மனசு வலிக்கும்.

இன்னொருவர் சில்பி. நாமக்கல்லில் 1919-ல் பிறந்த பி.எம். சீனிவாசன். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்து மாணவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி அவருக்கு வைத்த பெயர் சில்பி. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். கல்லில் எத்தனை மணி இருக்கிறதோ அத்தனையும் காகிதத்தில் இருக்கும். 1983-ல் அவர் காலமானார். வாரப் பத்திரிகையின் அவசரத்துக்கு நடுவே இவ்வளவு நிதானமான வேலைக்கு ஒரு ஆசிரியர் குழு பக்கம் ஒதுக்கியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். வாசகர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். நுணுக்கமான, பொறுமையான ஓவியத்தை ரசிக்கத் தமிழர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களை, போட்டோவா ஓவியமா என்று கேட்டுக் கேட்டு லட்சக்கணக்கானோர் பார்த்தார்களே. அவரை 2021 ஜூனில் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

வெளிநாட்டில் டேவிட் ஹாக்னி 1970-களில் கலர் பென்சிலில் வரைந்த நண்பர்களின் உருவப்படங்களைப் பெரிய அருங்காட்சியகங்கள் மாட்டிவைத்துப் பார்க்கின்றன. பிரிட்டனில் 2001 முதல் கலர் பென்சிலுக்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் வேறு எந்த வண்ணமும் கலக்காத, பிறர் புகைப்படத்தை நகலெடுக்காத படங்களைத்தான் ஏற்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு மேடை வேண்டும்.

சோறு போடுகிறதா?

திருவண்ணாமலை போன்ற ஊரில் கலர் பென்சில் ஓவியருக்கு அதிகம் வரும் வேலை உருவப்படம். கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணம், இறந்துபோன அப்பாவின் பழைய போட்டோ. அதற்கு அடுத்து ரமண மகரிஷி. பெங்களூரு புகைப்படக்காரர் ஜி.ஜி. வெல்லிங் 1940-களில் எடுத்த அந்தக் கனிந்த முகம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அது கருப்பு வெள்ளைப் படம். அதை வண்ணத்தில் கேட்பவர்களுக்கு ஓவியர்தான் நிறத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

தோலின் நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஓவிய வகுப்புக்கு வரும் குழந்தைகள் அப்பா அம்மாவை வரையும்போது, ‘ஸ்கின் கலர் குடுங்க’ என்று பெட்டியிலிருந்து ஒரு வெளிர் ரோஸ் பென்சிலை எடுக்கிறார்கள். அந்த வீட்டில் யாருக்கும் அந்த நிறம் இருக்காது. மாநிறத்துக்குப் பெட்டியில் தனிப் பென்சில் தேட வேண்டியதில்லை. அடியில் மஞ்சள் காவி, அதன்மேல் செங்காவி, கன்னத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பு, தாடையின் கீழ் ஊதா, நெற்றியோரத்தில் துளி ஆலிவ் பச்சை, கடைசியாக எல்லாவற்றையும் ஒன்றாக்கக் கரும்பழுப்பு. கறுத்த முகத்தில் எண்ணெய் மினுமினுப்பு எங்கே நீலமாகவும் எங்கே மஞ்சளாகவும் விழுகிறது என்று பார்த்து வரைந்து முடிக்கும்போது கிடைக்கும் நிறைவுக்கு ஈடு இல்லை. குழந்தைகளிடம் அவர்களுடைய கையையே காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீட்டச் சொன்னால் ஒரே வகுப்பில் புரிந்துகொள்கிறார்கள்.

வகுப்பு வருமானம்தான் பலருக்குச் சோறு. வேறு பலர் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள். 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். பிறகு 10,000, அடுத்து 12,500. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, ஒன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு விற்கும் வெளிநாட்டுப் பென்சிலையும் ஒருவர் வாங்க வேண்டும். பெட்டியாக வாங்க முடியாதவர்கள் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறார்கள். கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த துண்டைக் குழாய்ப் பிடியில் செருகி, மரமும் நிறமும் தீரும்வரை விடுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், கிரேயான், பேஸ்டல் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது, கையால் வரைந்த ஓவியங்களுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது என்பது நல்ல சேதி.

விலை பேசும்போதுதான் வருத்தம். 80 மணி நேரம் என்றால் எட்டு மணி நேர வேலையில் பத்து நாள். ஒரு கொத்தனாருடைய பத்து நாள் கூலியைப் போட்டுப் பாருங்கள், அதோடு காகிதம், பென்சில், ஃப்ரேம். அந்தத் தொகையைச் சொன்னால், ‘கலர் பென்சில்தானே?’ என்று கேட்கிறார்கள். அதே அளவு கேன்வாஸுக்கு ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பங்கு கொடுப்பவர்கள் இவர்கள். இன்னொரு பக்கம், செல்போன் போட்டோவை நொடியில் ‘பென்சில் ஓவியம்’ ஆக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றோடு விலையில் போட்டி போட யாராலும் முடியாது. போட்டி போடவும் வேண்டாம். நேரில் பார்த்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையில் சரிவின் தழும்பு செம்மண் நிறத்தில் நின்றது. அதற்குப் பிறகு மலைப் படம் கேட்டு வருபவர்களில் சிலர், அந்த இடத்தை மட்டும் பச்சையாக்கித் தரச் சொல்கிறார்கள். அவர்களுடைய மனசு புரிகிறது. பூஜை அறையில் மாட்டும் மலையில் காயம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். என்னால் அப்படி வரைய முடியவில்லை. மொட்டையாகக் கிடந்த மலையில் முப்பது நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கன்று நட்டு, கோடைத் தீயை அணைத்து, பச்சையை வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பச்சைக்கும் தேதி உண்டு, இந்தச் சிவப்புக்கும் தேதி உண்டு. மலையை வரைகிறவர்கள் இரண்டையும் வரைந்து, படத்தின் பின்புறம் மாதமும் வருடமும் எழுதிவைத்தால், ஐம்பது வருஷம் கழித்து இந்த மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு அவை சாட்சி. தழும்பு வேண்டாம் என்பவர்களுக்கு மேற்குப் பக்கத்திலிருந்து, அடி அண்ணாமலையிலிருந்து தெரியும் மலையை வரைந்து தரலாம். அங்கிருந்து பார்த்தால் அது தெரியாது. பொய்யும் ஆகாது.

சுவர் தேடி

வரைந்தவற்றை எங்கே காட்டுவது? சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஓவியர்களைக் கூட்டி உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. திருவண்ணாமலை ஓவியர் அங்கே போவதென்றால் கண்ணாடி போட்ட படங்களைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்ற வேண்டும், கூடத்துக்கு வாடகை, தங்குவதற்கு இடம், அழைப்பிதழ், தேநீர், வகுப்பை நிறுத்துவதால் போகும் வருமானம். தனியாக ஒருவர் தாங்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து கூடம் எடுத்தால் ஆளுக்கு ஒரு சுவர் கிடைக்கும், செலவும் பகிர்ந்துவிடும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் பாரம் குறையும், வழியில் உடையாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்காக இருந்தால் நிறத்துக்கும் காவல்.

மாட்டுவதிலும் ஒரு சூட்சுமம். கலர் பென்சில் படம் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடாது. பெரிய கேன்வாஸ்களுக்கு நடுவே மாட்டினால் காணாமல் போய்விடும். தனிச் சுவரில், கண் மட்டத்தில், மேலிருந்து சாய்வாக மங்கிய விளக்கில் வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் ஒரு முழம் தள்ளி நின்று முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அப்போதுதான் ராஜகோபுரத்தின் வெள்ளைக்குள் ஊதாவும் நீலமும் காவியும் ஓடுவது தெரியும். பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, பாதியில் நிற்கும் ஒரு படம், தேய்ந்த பென்சில் துண்டுகள், சோதனைப் பட்டை மூன்றையும் வைத்துவிட்டால் ‘கலர் பென்சில்தானே’ என்ற கேள்வியே எழாது. கூட்டம் மேசையைச் சுற்றித்தான் நிற்கும்.

சென்னைக்குப் போவதைவிடச் சென்னையை இங்கே வரவழைப்பது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் நடக்கிற ஊர் இது. எழுத்தாளர் பவா செல்லதுரையும் நண்பர்களும் முற்றம் கூட்டங்கள் நடத்தி, எங்கெங்கிருந்தோ எழுத்தாளர்களை இங்கே வரவழைத்துக் காட்டினார்கள். கதை கேட்கக் கூட்டம் வந்த ஊரில் படம் பார்க்கவும் வரும். நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆகிவிட்ட ஊர். கிரிவலப் பாதைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கோடிகளில் திட்டம் போடுகிறார்கள். அதில் ஈரம் ஏறாத, வெயில் அடிக்காத ஒரு கூடத்தை, சந்தானராஜ் பெயரில், உள்ளூர் ஓவியர்களுக்காக ஒதுக்கச் சொல்லிக் கேட்பது பேராசை அல்ல. வாடகையைக் குறைவாக வைத்து, மாதம் ஒரு குழுவுக்குக் கொடுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவதற்கு ஓவிய ஆசிரியர்கள் தயாராகவே இருப்பார்கள்.

அதுவரைக்கும் படம் வாங்குபவர்களுக்கு என் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். சமையலறையை ஒட்டிய சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். ஃப்ரேமின் பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பின்புறம் ஓவியர் எழுதியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். எந்தக் காகிதம், எந்தப் பென்சில், எந்த மாதத்து மலை என்று அதில்தான் இருக்கிறது.